அபிஷிக்தானந்தரும் பிரம்படியும்: அண்ணாமலைக் குகையில் ஒரு கிறிஸ்தவக் கணக்கு

திருவண்ணாமலைக்கு வந்துபோன வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்களை அடுக்கினால் ஒரு தனி அலமாரி வேண்டும். பால் பிரண்டனில் தொடங்கி இன்று வரை பெரும்பாலும் ஒரே கதைதான். வந்தேன், மலையைப் பார்த்தேன், ரமணரைப் பார்த்தேன், மனம் அடங்கியது. கீழ்பென்னாத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற அதே மலைதான் அது. எங்களுக்கு அது கார்த்திகை தீபம் தெரிகிறதா, மேகம் இறங்குகிறதா என்று பார்க்கிற மலை. அதனால் இந்த வகைப் புத்தகங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுப்பேன்.

ஆனால் ஹென்றி லெ சோ என்கிற அபிஷிக்தானந்தர் அந்தக் கூட்டத்தில் சேராதவர். மற்றவர்கள் அமைதி தேடி வந்தார்கள். இவர் அமைதியோடு வந்து, அதைத் தொலைத்துவிட்டுப் போனவர். 1910இல் பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் பிறந்து, பெனடிக்டின் துறவியாகி, 1948இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். குளித்தலையில் ஏற்கெனவே பங்குப் பணியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஜூல்ஸ் மோன்ஷானேனோடு சேர்ந்து 1950இல் காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். நாம் சாந்திவனம் என்று சொல்கிற இடம் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், இருவரும் சேர்ந்து ரமணாசிரமம் போனார்கள். அந்தப் பயணம் லெ சோவை விடவே இல்லை. ரமணர் 1950 ஏப்ரலில் மறைந்த பிறகும் மலைக்குத் திரும்பத் திரும்ப வந்தார், குகைகளில் மௌனமாகத் தங்கினார். 1955 டிசம்பரில் திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்து அவரைக் குருவாக ஏற்றார். அதே சமயம் கத்தோலிக்கப் பாதிரியாராகவே இருந்தார். கடைசி வரைக்கும்.

அவருடைய முக்கியமான கோட்பாட்டு நூல் 'சச்சிதானந்தா'. 1965இல் பிரெஞ்சில் வந்தது. அவரே நிறையத் திருத்திய ஆங்கிலப் பதிப்பு 1974இல், அவர் இறந்த மறு ஆண்டு வந்தது. நான் படித்தது ஆங்கிலத்தில். அதோடு அவருடைய நாட்குறிப்பையும் (பிரெஞ்சில் 1986, ஆங்கிலத்தில் 1998) பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டையும் ஒன்றாகப் படித்தால்தான் சிக்கல் எங்கே என்று தெரியும்.

சிக்கல் இதுதான். ஏசு கடவுளா மனிதனா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவம் சொல்லும் பதில் "இரண்டும்". பாதிப் பாதி கிடையாது. முழுக் கடவுள், முழு மனிதன், ஆனால் ஆள் ஒருவர். கி.பி. 451இல் கல்செதோன் என்ற ஊரில் (இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரை) ஆயர்கள் கூடி வகுத்த சூத்திரம் இது. இறை இயல்பு, மனித இயல்பு என இரண்டு இயல்புகள்; அவை கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் ஓர் ஆளில் சேர்ந்திருக்கின்றன. கவனியுங்க, நாலுமே எதிர்மறை. எப்படிச் சேர்ந்தன என்று சொல்லவில்லை. எப்படியெல்லாம் சேரவில்லை என்று மட்டும் வேலி போட்டிருக்கிறார்கள். தேவசுபாவம், மனுஷசுபாவம் என்று பழைய ஞானோபதேச நூல்கள் சொல்வது இந்த இரண்டையும்தான்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எட்டாம் வகுப்புத் தமிழ் இலக்கணம். இரண்டு சொற்கள் சேர்ந்தால் புணர்ச்சி. மாற்றம் இல்லாமல் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி: பொன், மலை, பொன்மலை. மாற்றத்தோடு சேர்ந்தால் விகாரம். அதில் மூன்று வகை. பூ, கொடி சேர்ந்து பூங்கொடி ஆகும்போது நடுவில் புதிதாக ஓர் எழுத்து தோன்றுகிறது. பல், பொடி சேர்ந்து பற்பொடி ஆகும்போது எழுத்து திரிகிறது. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து கெடுகிறது. நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுச் சண்டைகளை இந்தச் சட்டகத்தில் வைத்தால் ஆச்சரியமாகப் பொருந்தும். அப்பொலினாரிஸ் என்பவர் ஏசுவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் கிடையாது, அந்த இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்றார். அது கெடுதல், மரத்தின் கடைசி எழுத்தைக் காணோம். யூத்திக்கஸ், சேர்ந்த பிறகு இருப்பது ஒரே இயல்பு என்றார். கடலில் விழுந்த தேன்துளி என்ற உவமை அந்தக் காலச் சர்ச்சையில் புழங்கியது. தேன் எங்கே போச்சு என்று தேட முடியாது. கொஞ்சம் கடவுளும் கொஞ்சம் மனிதனும் கலந்த மூன்றாவது ஒன்று என்றால் அது திரிதல். நெஸ்தோரியுஸ் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு வேறு மாதிரி: புணர்ச்சியே நடக்கவில்லை, இரண்டு சொற்கள் இடைவெளி விட்டுப் பக்கத்தில் நிற்கின்றன. கல்செதோன் கேட்டது இயல்பு புணர்ச்சி. சொல் ஒன்று, ஆனால் உள்ளே ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. 'இயல்பு' என்ற சொல்லே இரண்டு இடத்திலும் வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.

(என் தொழில்காரர்கள் உடனே "ஒரே ஆப்ஜெக்ட், இரண்டு இன்டர்ஃபேஸ், அவ்வளவுதானே" என்பார்கள். இல்லை. இன்டர்ஃபேஸ் என்பது வெளியே காட்டும் முகம். முகம் மட்டும் மனிதனுடையது, உள்ளே கடவுள் என்பதைத்தான் திருச்சபை முதல் நூற்றாண்டுகளிலேயே தவறு என்று தள்ளியது.)

சரி, லெ சோ என்ன செய்தார்? அவர் மேல் வழக்கமாக வைக்கப்படும் விமர்சனங்கள் இரண்டு. கிறிஸ்தவர்களில் சிலர், இந்து மதத்தைக் கலந்துவிட்டார் என்பார்கள். மறுபக்கம் சீதாராம் கோயல் போன்றவர்கள், காவி உடுத்தி மதமாற்றத்துக்கு வேடம் போட்டார் என்பார்கள். கோயல் 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்கள் பற்றி ஒரு புத்தகமே போட்டார். நாட்குறிப்பைப் படித்தவர் இரண்டாவதைச் சொல்ல மாட்டார். வேடம் போடுகிறவன் இருபது வருஷம் தனக்குத்தானே இப்படிக் குத்திக்கொண்டு எழுத மாட்டான். முதலாவதும் மேலோட்டமானது. கலப்பதா வேண்டாமா என்பதைவிட, எதை எடுத்தார் எதை விட்டார் என்பதில்தான் எனக்குக் கேள்வி.

'சச்சிதானந்தா' நூலின் எலும்புக்கூடு உபநிடதமும் ரமணரும். 'நான் யார்' என்று உள்ளே போனால் பெயர், உடல், மனம் எல்லாம் கழன்று வெறும் 'நான் இருக்கிறேன்' மட்டும் மிஞ்சும் என்ற அனுபவம். அங்கிருந்து யோவான் நற்செய்திக்குத் தாவுகிறார். அங்கேயும் ஏசு 'நான் இருக்கிறேன்' என்று பேசுகிறார். யோர்தானில் ஞானஸ்நானம் பெறும்போது, தான் மகன் என்று விழிக்கிறார். ஆனால் அந்த விழிப்பில் 'அப்பா' என்று அழைக்க ஒரு 'நீ'யும் இருக்கிறது. எனவே ஒருமைக்குள்ளேயே உறவு உண்டு, அதுதான் திரித்துவம்; சத், சித், ஆனந்தம் மூன்றும் தந்தை, மகன், ஆவியாக விரிகின்றன. இந்தப் பொருத்தம் அவர் கண்டுபிடிப்பல்ல, வங்காளத்து பிரம்மபாந்தவ் உபாத்யாய 1898இலேயே இதை வைத்துச் சமஸ்கிருதத்தில் ஒரு துதி எழுதிவிட்டார். லெ சோவின் பங்கு, அதைக் கோட்பாடாக அல்லாமல், அனுபவித்து எழுதியது. மௌனம் பற்றிய அத்தியாயங்கள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. அத்வைதம் என்றால் 'ஒன்று' என்று பொருளில்லை, 'இரண்டல்ல' என்பதே பொருள் என்று அவர் விடாமல் வலியுறுத்துவதும் நியாயம்.

ஆனால் புத்தகத்தில் ஏசுவின் மனிதப் பாதி மெலிந்துகொண்டே போகிறது. யோர்தான் இருக்கிறது, தந்தையோடு பேசும் நீண்ட உரைகள் இருக்கின்றன. பசித்தவர், களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்தவர், தச்சர் வீட்டுப் பையன், கெத்செமனே தோட்டத்தில் பயந்து வியர்த்தவர், இவர்கள் எல்லாம் பின்னணிக்குப் போய்விடுகிறார்கள். அந்த மனிதன் தேவைப்படுவது விழிப்பதற்கு மட்டும். விழித்த பிறகு? தேன்துளி.

இங்கே ரமணரின் கடைசி வருடத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. லெ சோ முதலில் பார்க்க வந்த அதே 1949இல்தான் ரமணரின் இடது கையில் புற்றுக்கட்டி வந்து, நான்கு முறை அறுவை செய்தார்கள். பக்தர்கள் அழுதார்கள். ரமணர் நிலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலி உடலுக்கு, 'நான்' உடல் அல்ல. அத்வைதத்துக்கு உள்ளே இது முழுக்கச் சரியான பதில். அவர் அதைச் சொல்லாக விடாமல் வாழ்ந்து காட்டினார் என்பதால்தான் அதற்கு அவ்வளவு கனம். கிறிஸ்தவம் சொல்வது இதற்கு நேர் எதிர். சிலுவையில் வலி யாருக்கு என்று கேட்டால், 'என் மனித இயல்புக்கு வலிக்கிறது, நான் அது அல்ல' என்று அந்த ஆள் ஒதுங்க முடியாது. அலெக்சாந்திரியாவின் சிரில் நெஸ்தோரியுஸோடு மல்லுக்கட்டியது இந்தப் புள்ளிக்காகத்தான். இறை இயல்புக்கு வலி கிடையாது, சரி. ஆனால் வலிப்பட்டவர் கடவுள்தான், வேறு யாரோ அல்ல. மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைக்கலாம் என 431இல் எபேசுவில் முடிவானதும் இதே கணக்கில்தான்.

ஆக, லெ சோவின் முன்னால் இருந்தவை இரண்டு பதில்கள். ஒன்றில் 'நான்' வலியிலிருந்து விலகி நிற்கிறது. இன்னொன்றில் 'நான்' வலியைத் தன்னுடையது என்கிறது. இரண்டையும் ஒன்றின் இரு வடிவங்கள் என்று சொல்லலாமா? 'சச்சிதானந்தா' இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்ளவில்லை என்பதுதான் அதன் மேல் என் முதல் குறை. மோன்ஷானேனுக்கு இந்த உறுத்தல் இருந்தது. அத்வைதமும் திரித்துவமும் அவ்வளவு சுலபமாகக் கைகுலுக்காது என்று அவர் ஒதுங்கியே நின்றார்; 1957இல் இறந்தும் போனார். தோழர் போன பிறகு லெ சோவை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை.

நம்ம பக்கத்துக் கதை ஒன்றை இங்கே கொண்டுவந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். மதுரையில் வைகை உடைப்பெடுக்க, வீட்டுக்கு ஒரு ஆள் மண் சுமக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. சிவன் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று, வேலை செய்யாமல் தூங்கி, அரசனிடம் பிரம்படி வாங்குகிறார். அந்த அடி அரசன் முதுகிலும், அங்கிருந்த அத்தனை உயிர் மேலும் விழுகிறது. எவ்வளவு அழகான இறையியல்! கடவுள் எல்லாவற்றிலும் இருப்பதால் அவர் மேல் விழும் அடி எல்லோர் மேலும் விழுகிறது. ஆனால் கவனியுங்க, கதையில் அடி எல்லோருக்கும் பரவிய அந்தக் கணத்தில் கூலியாள் மறைந்துவிடுகிறான். அவன் முதுகு வீங்கியதா என்று புராணம் கேட்காது. ஏனென்றால் அவன் பிறக்கவில்லை, வந்தான், போனான். சைவத்தில் சிவன் கருவில் பிறப்பதில்லை. அண்ணாமலையிலும் அவர் வந்தது அடிமுடி தெரியாத நெருப்பாக. கிறிஸ்தவக் கதையில் பிரம்படி ஒரே ஒரு முதுகில் விழுகிறது, அங்கேயே தங்குகிறது. உயிர்த்து எழுந்த பிறகும் தழும்பைக் காட்டுகிறார்.

'அவதாரம்' என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தயக்கத்தோடு பயன்படுத்துவதற்கும் காரணம் இதுதான். அவதாரம் என்றால் இறங்கி வருதல். வேலை முடிந்ததும் திரும்பலாம். சென்னை வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான வெங்கல் சக்கரை, ஏசுவை அவதாரம் என்றே அழைத்து 1920களில் ஒரு நூல் எழுதினார். ஆனால் இந்த அவதாரம் முடிவதில்லை, மனிதனாகவே நீடிக்கிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லை எடுத்துக்கொண்டு அதன் வாலை நறுக்கிய மாதிரி. ஆனாலும் சக்கரை அந்த மனிதனை விடவில்லை, ஏசுவின் மனிதத்தன்மையிலிருந்துதான் தொடங்கினார்.

இரண்டாவது குறை எனக்கு உள்ளூர்க்காரன் என்ற முறையில் வருவது. திருக்கோவிலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் தந்த ஊர். அத்வைதம் என்ற அதே சொல்லை எடுத்து, சங்கரருக்கு வேறான பொருள் சொன்னவர் அவர். இறைவன் உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான். முத்தியிலும் உயிர் காணாமல் போவதில்லை. திருவருட்பயனில் உமாபதி சிவம் இதற்குச் சொன்ன உவமை 'தாடலை'. தாள், தலை சேர்ந்து தாடலை. சொல் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது இரண்டு. பாருங்க, அவரும் புணர்ச்சி இலக்கணத்துக்குத்தான் போயிருக்கிறார்! (எழுத்து திரிவதால் கல்செதோன் ஆயர்கள் இந்த உதாரணத்தை ஏற்றிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) ஐரோப்பியர்களில் ஜி.யு. போப் 1900இல் திருவாசகத்தை மொழிபெயர்த்தபோது சித்தாந்தத்தின் கனத்தை உணர்ந்திருந்தார். லுத்தரன் மிஷனரி ஷோமெருஸ் 1912இல் சித்தாந்தம் பற்றிப் பெரிய ஜெர்மன் நூல் எழுதினார். பிறகு இயேசு சபையின் மரியசூசை தவமணி 1971இல் சித்தாந்தத்தின் அன்பு நெறி பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார். பாதை இருந்தது. தமிழ்நாட்டில் இருபது வருஷம் இருந்த ஒருவருடைய கோட்பாட்டு நூலில் கட்டடம் முழுக்க வடக்கே நிற்கிறது.

சித்தாந்தத்தை எடுத்திருந்தால் சரியாகி இருக்குமா? அப்படியும் சொல்ல முடியாது. சித்தாந்தத்தில் உயிர் உயிராகவே இருக்கிறது, பதி பதியாகவே இருக்கிறார். எவ்வளவு நெருங்கினாலும் 'ஆள்' இரண்டு. கல்செதோன் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அது நெஸ்தோரியுஸ் பக்கம் சாயும். வேதாந்தம் யூத்திக்கஸ் பக்கம் சாய்கிறது. ஆனால் இரண்டு சாய்வுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்திருந்தால், கிறிஸ்தவம் எந்த இடத்தில் இரண்டுக்குமே அடங்காமல் நிற்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஒரு சாய்வை மட்டும் எடுத்ததால் சறுக்கிக்கொண்டே போனார்.

சறுக்கியதன் பதிவுதான் நாட்குறிப்பு. ஐம்பதுகளில் குகையிலிருந்து எழுதும்போது பயம் இருக்கிறது. தான் இன்னும் கிறிஸ்தவனா என்று கேட்டுக்கொள்கிறார், திருப்பலியை விட மனமில்லை. 1968இல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் கையில் விட்டுவிட்டு உத்தரகாசிப் பக்கம் போய்த் தங்குகிறார். 1973 ஜூலையில் ரிஷிகேஷ் தெருவில் மாரடைப்பு. டிசம்பரில் இந்தூரில் மரணம். அந்த இடைப்பட்ட மாதங்களின் குறிப்புகளில் பயம் முழுக்கப் போய்விட்டது. ஏசுவின் 'நான் இருக்கிறேன்' என்பதைக் கண்டவனுக்குக் கிறிஸ்துவைப் பற்றிய இறையியல் எதுவும் மிஞ்சாது என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார். எல்லா மனிதரின் அடியிலும் அதே 'நான்' உண்டு என்றால், ஏசு ஒருவரிடம் மட்டும் இரண்டு இயல்பு சேர்ந்தன என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவர் முதலில் விழித்தவர்களில் ஒருவர், அவ்வளவே. தர்க்கப்படி அவர் சரியான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். 'சச்சிதானந்தா'வில் போட்ட முதல் அடியிலேயே இந்த முடிவு இருக்கிறது. புத்தகம் அதை மறைத்தது, நாட்குறிப்பு ஒப்புக்கொண்டது. நேர்மை என்ற அளவில் நாட்குறிப்புதான் பெரிய நூல்.

மனிதப் பாதி தேய்ந்துபோனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் பதில் பக்கத்திலேயே கிடைக்கும். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது, ஆற்காடு லுத்தரன் திருச்சபை இருக்கிறது, கத்தோலிக்கக் கோவில்கள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் 'நான் யார்' என்று குகையில் உட்கார்ந்து கேட்டு வந்தவர்கள் கிடையாது. 'நீ யார்' என்று ஊர் அவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியிலிருந்து தப்பிக்க வந்த தலித்துகள். அர்விந்த் நிர்மல் எண்பதுகளில் இதைத்தான் உடைத்துச் சொன்னார்: இந்தியக் கிறிஸ்தவ இறையியல் பிராமண மரபோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தது, திருச்சபையில் உட்கார்ந்திருக்கிற மக்களோடு பேசவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, பறையும் நாட்டுப்புற மெட்டும் வைத்து வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். 'ஒரு உலை' என்பதுதான் அவருடைய இறையியலின் மையச் சொல்: எல்லோருக்கும் ஒரே அடுப்பில் ஒரே சோறு. அந்தச் சோற்றுக்குப் பசிக்கிற கடவுள் வேண்டும். அடிபட்ட முதுகு, தீட்டு பார்க்காமல் தொட்ட கை, இவை கடவுளுடையவை என்பதில்தான் அவர்களுக்கு விஷயமே இருக்கிறது. 'நீ உடல் அல்ல' என்பது ரமணர் வாயில் விடுதலை. உடலை வைத்தே தள்ளி வைக்கப்பட்டவனிடம் அதையே சொன்னால் என்ன அர்த்தம் ஆகும் என்று லெ சோ யோசித்த மாதிரி அந்த நூலில் எனக்குத் தெரியவில்லை. இதற்கு அவரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். தன் வரையில் அவர் ஏழையாகவே வாழ்ந்தவர்.

கல்செதோனுக்குப் பிறகும் இதே சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏசுவுக்கு இரண்டு இயல்பு சரி, ஆனால் விருப்பம் ஒன்றுதான், அது இறைவிருப்பம் என்று ஏழாம் நூற்றாண்டில் பேரரசே சமரசம் பேசியது. மாக்சிமுஸ் என்ற துறவி மறுத்தார். கெத்செமனேயில் அந்தக் கிண்ணம் வேண்டாம் என்று தயங்கியது நிஜமான மனித விருப்பம், அது இல்லை என்றால் அங்கே மனிதனே இல்லை என்றார். அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள். 662இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் செத்தார். 680-681இல் கூடிய பொதுச்சங்கம் அவர் சொன்னதுதான் சரி என்றது. மனிதப் பாதியைக் காப்பாற்ற இவ்வளவு விலை கொடுத்த மரபிலிருந்து வந்தவர் லெ சோ.

படிக்க நினைப்பவர்கள் நாட்குறிப்பை முதலில் எடுக்க வேண்டாம், மூச்சு முட்டும். ஞானானந்தரைப் பற்றிய 'குருவும் சீடனும்' சின்னப் புத்தகம், திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் தெரிந்த இடங்கள் வரும். அதற்குப் பிறகு 'சச்சிதானந்தா', கடைசியாக நாட்குறிப்பு. நடுவில் சிவஞானபோதத்துக்கு ஒரு நல்ல உரையும் கையில் இருந்தால், அவர் போகாத அந்த ஊருக்கும் ஒருமுறை போய் வந்துவிடலாம்.